நேசபாய்க்குக் கொடுத்த பதக்கம்

எங்கள் ஊரில் நேசபாயின் பெயரைச் சொன்னால் நோய் என்று பொருள். "நேசபாய் மேலத்தெருவுல போறா" என்று யாராவது சொன்னால் போதும், மேலத்தெருவில் யாருக்கோ வாந்திபேதி என்று ஊர் தெரிந்துகொள்ளும். வெளியே விளையாடுகிற பிள்ளைகளைத் தாய்மார் உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

பூதப்பாண்டிக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவிலுள்ள ஊர் எங்களுடையது. கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில், அதாவது 1924இல், ஆடி மாதம் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்ததும் வாந்திபேதி வந்தது. நேசபாயின் கணவர் செல்வதாஸ் வண்டி ஓட்டிப் பிழைத்தவர். ஒரு நாள் காலையில் பேதியில் அவர் போனார். சாயங்காலத்துக்குள் ஆறு வயது மகள் எலிசாவும் போனாள். அந்தப் பிள்ளை கடைசிவரை தண்ணீர் கேட்டது. பேதிக்காரருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று வேலிக்கு அப்பால் நின்றபடியே பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். அவளும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மிஷன் டாக்டர் ஒருவர், கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றார். அதைக் கேட்டதும் நேசபாய் எழுந்து போய்விட்டாளாம். அடுத்த வாரம் தெரிசனங்கோப்பில் ஒரு வீட்டில் பேதி என்று கேள்விப்பட்டதும், யாரும் கூப்பிடாமலே ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள்.

அப்படித் தொடங்கியதுதான். பேதி வீட்டுக்கும், வைசூரி என்கிற பெரியம்மை கண்ட வீட்டுக்கும் போவாள். துணி துவைப்பாள், கஞ்சி ஊட்டுவாள், இறந்தவர்களைக் குளிப்பாட்டுவாள். யாரிடமும் எதுவும் வாங்கமாட்டாள். மிஷனில் நூல் வாங்கி லேஸ் பின்னிக் கொடுத்துத் தன் வயிற்றைக் கழுவினாள். கல்யாணம், காதுகுத்து, வீட்டுக்குப் பால்காய்ச்சு எதற்கும் அவளை யாரும் அழைப்பதில்லை. ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் அவள் இருக்கிற பெஞ்சில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

1936இல் நாங்கள் மிஷன் பெண்கள் பள்ளியில் மேல் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தோம். மாணவியர் தொண்டுச் சங்கம் என்று ஒன்று வைத்திருந்தோம். ஊருக்கு உழைக்கிற ஒருவருக்கு ஆண்டுதோறும் பதக்கம் கொடுப்பது என்று அந்த ஆண்டு முடிவானது. ஆளையும் மாணவிகளே தேர்ந்தெடுக்கலாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். பாதிரியாரையோ டாக்டரையோதான் சொல்வோம் என்று எதிர்பார்த்திருப்பார்.

என் வகுப்புக் கிரேசி எழுந்து நேசபாயின் பெயரைச் சொன்னாள். அதற்கு முந்தின ஆண்டு கிரேசியின் அம்மாவுக்கு வைசூரி கண்டிருந்தது. கிரேசியை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குணமாகித் தலைக்குத் தண்ணீர் விடும்வரை அம்மாவோடு இருந்தது நேசபாய்தான். எங்களில் அநேகம் பேர் வீட்டில் அப்படி ஒரு கதை உண்டு. எல்லோரும் கை தூக்கினோம்.

சொல்வதற்காக நாங்கள் நாலைந்து பேர் அவள் வீட்டுக்குப் போனோம். எங்களைக் கண்டதும் பானையை எடுக்கப் போனாள்.

"ஆருக்கு மக்கா சொகமில்ல?"

"ஆருக்கும் ஒண்ணுமில்ல சித்தி" என்றாள் கிரேசி.

"பின்ன எதுக்கு வந்திய?"

கிரேசி விவரம் சொன்னாள். நேசபாய் தலையை ஆட்டினாள். "எனக்கு என்னத்துக்கு மக்கா அதெல்லாம்? வேற ஆருக்காவது குடுங்க."

நாங்கள் திரும்பப் போகும்போது கூப்பிட்டாள். "அண்ணைக்கு அங்க திங்கதுக்கு ஏதும் உண்டுமா?"

"காப்பியும் பலகாரமும் உண்டு சித்தி."

"எல்லாரும் கூடி இருந்தா திம்பிய?"

"ஆமா."

"அப்பம் நான் வாறேன்."

விழாவன்று வெளுத்த சேலை உடுத்தி, தலையில் எண்ணெய் தேய்த்து வாரி வந்தாள். முன்வரிசைப் பெஞ்சில் இருத்தினோம். பக்கத்தில் இருந்த பெண்கள், வெயில் அடிக்கிறது என்று சொல்லி ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போனார்கள். வெயில் அங்கே இல்லை. வடசேரி ஆசாரி செய்த வெள்ளிப் பதக்கத்தை ஒரு சிறு தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது, "சொகமில்லாதவிய குடிக்க வெள்ளம் கேட்டா குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

பலகாரம் வந்தது. முறுக்கும் முந்திரிக்கொத்தும் வைத்த இலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பெஞ்சில் தனியாக இருந்தாள். யாராவது வந்து இருப்பார்கள் என்று பார்த்தாளோ என்னவோ, வெகுநேரம் தின்னவில்லை. கிரேசி அவள் பக்கத்தில் போய் இருக்கப் புறப்பட்டாள். கிரேசியின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா. ஒங்களை அவியதான பாத்தாவ?"

"அதுக்குத்தான் மக்கா. அவளைக் கண்டாலே எனக்கு அந்தக் கிடப்புதான் ஓர்மை வருது. நீ போவாண்டாம்."

நேசபாய் இலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டு ஆண்டு கழித்துக் கிரேசிக்கு அருமனையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். நேசபாயைத் தானே போய் அழைத்தாள் கிரேசி. வருகிறேன் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். கல்யாணத்தன்று வரவில்லை. அழகியபாண்டியபுரத்தில் பேதி, அங்கே போகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள். விருந்து முடிகிற நேரத்தில் அந்த ஊரிலிருந்தே வந்த விருந்தாளிகள், அங்கே அப்படி ஒன்றும் இல்லையே என்றார்கள்.

கிரேசி உடுத்தியிருந்த பட்டுச்சேலையோடு, சோறும் கறிகளும் பிரதமன் பாயசமும் எடுத்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளையும் கூட வந்தார். நானும் போனேன். நேசபாய் வீட்டில் இருந்தபடி லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள்.

"பேதின்னு சொன்னியளே சித்தி."

"பேதி ஒண்ணும் இல்ல மக்கா."

"பின்ன?"

அவள் நூலை அறுத்தாள். "ஒனக்க அம்மை நேத்தே வந்தா. ஒண்ணும் கடுப்பமாச் சொல்லல்ல. அழுதா. நல்லநாளும் அதுவுமா நீ வந்து இருந்தா சனங்க என்ன நெனைக்கும்னு கேட்டா. அதும் சரிதான?"

கிரேசி இரண்டு இலை போட்டாள். இருவரும் தரையில் எதிரெதிரே இருந்து தின்றார்கள். நேசபாய் பிரதமனை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாள். மாப்பிள்ளை மட்டும் உள்ளே வரவில்லை. தெருவில் புளியமரத்தடியில் நின்றுகொண்டு, நேரமாகிறது என்று எனக்குச் சைகை காட்டினார்.

அடுத்த ஆண்டு மலையடிவாரத்து ஊர்களில் விஷக்காய்ச்சல் பரவியது. நேசபாய் அங்கே போன இடத்தில் தானும் படுத்தாள். மூன்று வீட்டுக்காரர் மாறி மாறிப் பார்த்தார்கள் என்றும், யாருமே பார்க்கவில்லை என்றும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. அருமனையில் கிரேசிக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அந்த ஆண்டிலிருந்து பதக்கத்துக்கு நேசபாய் பதக்கம் என்று பெயர் வைத்தார்கள். நான் அப்போது அதே பள்ளியில் சின்ன வகுப்புக்கு ஆசிரியை. யாருக்குக் கொடுக்கலாம் என்று சங்கத்துப் பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். காய்ச்சல் இன்னும் ஓயவில்லை. மலையடிவாரத்து வீடுகளுக்குப் போகிற ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று தலைமையாசிரியை கேட்டார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த ஆண்டுப் பதக்கத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.