சாப்பிடுற கைப் பக்கம்

எக்ஸ்ரே அறையில் எனக்கென்று ஒரு வரிசை உண்டு. பெயரைக் கேட்பேன், சங்கிலியைக் கழற்றச் சொல்வேன், வலது தோள் பக்கம் 'ஆர்' என்ற ஈய எழுத்தை ஒட்டுவேன், பிறகுதான் மூச்சைப் பிடிக்கச் சொல்வேன். படத்தில் எது வலது என்பதை அந்த எழுத்துதான் சொல்லும்.

இராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு, பாம்பனிலிருந்து ஒரு பள்ளி மாணவியை அவள் அப்பா அழைத்து வந்திருந்தார். இடது அடிவயிற்றில் வலி, வாந்தி, காய்ச்சல். குடல்வால் வீங்கினால் வலப்பக்கம் வலிக்கும் என்பதால் யாரும் அதை நினைக்கவில்லை. காய்ச்சலுக்காக நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"கொடலு ஏறியிருக்கும்மா. ஊர்ல எண்ணெய் போட்டு நீவிவிட்டா எறங்கிரும். படம் எடுத்ததும் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அப்பா.

படம் திரையில் வந்தது. இதயம் 'ஆர்' எழுத்தின் பக்கம் சாய்ந்திருந்தது.

டாக்டர் சிரித்தார். "என்னம்மா, எழுத்தை மாத்தி ஒட்டிட்டியா?"

எங்கள் வேலையில் நடக்கக்கூடிய தவறுதான். மறுத்துப் பேசாமல் அவளை மறுபடி நிறுத்தினேன்.

"சாப்பிடுற கையைத் தூக்கு."

தூக்கினாள். அந்தத் தோள் பக்கமே எழுத்தை ஒட்டினேன்.

"எத்தனை போட்டோக்கா எடுப்பீங்க? நான் இன்னும் சிரிக்கவே இல்ல" என்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டே.

இரண்டாவது படமும் அப்படியே வந்தது. இதயத்தை விட்டுவிட்டுக் கீழே பார்த்தேன். இடப்பக்கம் தெரியவேண்டிய இரைப்பைக் காற்றும் வலப்பக்கமே இருந்தது. அப்படியானால் கல்லீரல் இடப்பக்கம். குடல்வால்?

டாக்டர் இப்போது சிரிக்கவில்லை. தானே ஸ்கேன் செய்தார். இடது அடிவயிற்றில் குடல்வால் நன்றாக வீங்கியிருந்தது.

"நீவியிருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார் அப்பா.

"உள்ளயே வெடிச்சிருக்கலாம்" என்றார் டாக்டர்.

அதற்குமேல் அப்பா ஊருக்குப் போகும் பேச்சை எடுக்கவில்லை. அன்றே அறுவை சிகிச்சை நடந்தது.

உறுப்புகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் மாறியிருப்பதைப் பாடத்தில் ஒரு பத்தியாகப் படித்திருக்கிறேன். நேரில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. அவளுக்கோ அதுவரை அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது இருவரும் என் அறைக்கு வந்தார்கள்.

"இனி எந்த டாக்டர்கிட்டப் போனாலும் முதல்ல என்ன சொல்லணும்?" என்று கேட்டேன்.

"எனக்கு எல்லாம் சாப்பிடுற கைப் பக்கம்னு" என்றாள்.

"அப்ப கல்லீரல்?"

யோசித்தாள். "அது மட்டும் இங்கன" என்று இடப்பக்கம் தொட்டுக் காட்டினாள்.

அப்பா தன் நெஞ்சில் வலப்பக்கம் கை வைத்துப் பார்த்தார், பிறகு இடப்பக்கம்.

"எனக்கும் ஒண்ணு எடுத்துப் பாரும்மா."

"அய்யா, பஸ்ஸு போயிரும்" என்று அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.