லம்பத்து மணலில் ஆவாரை

மூன்றாம் வகுப்பே தாண்டாத நான் இன்று புந்தோங் பட்டணத்தில் மூன்று கடைக்கு முதலாளியம்மா, தொட்டதெல்லாம் துளிர்க்கும் என்பார்கள். ஆனால் காலையில் கடைக்கு வந்த ஆவாரம்பூப் பொட்டலத்தைப் பிரித்ததும், விற்க வைக்காமல் மறுபடி கட்டிவைத்துவிட்டேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, இப்போது செம்பனையாகிவிட்ட ரப்பர் தோட்டத்து லய வீட்டில், சர்க்கரை வியாதியால் ஆறாத கால் புண்ணோடு அப்பா படுத்திருந்தார். ஆவாரம்பூ கஷாயம் கேட்கும் என்று நம்பி, கடல்தாண்டி ஊர்க் கடுதாசியில் வந்த விதைகளை அம்மா ஊன்ற ஊன்ற, தினம் பெய்த மழையில் களிமண் அவற்றை அழுகவைத்தது.

"பொட்டல்காட்டுச் செடிலா அக்கா, ஈரத்துல வராது," என்றார் பக்கத்து வீட்டு அண்ணன்.

மிஞ்சிய விதைகளை நான் ஈயம் தோண்டிய லம்பத்தில், தண்ணீர் தங்காத மணல்மேட்டில் புதைத்தேன். செடி இடுப்புயரம் வளர்ந்தது, ஆனால் ஓயாத மழையில் பூக்கவே இல்லை.

"பூத்துச்சாம்மா?" என்று தினமும் கேட்பார் அப்பா. ஒருநாள் தாங்காமல், "பூத்துருச்சுப்பா," என்றேன்.

"அப்ப நாளைக்குக் கொண்டா," என்று, பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார்.