பூட்டை இழுத்துப் பார்ப்பவர்

மனநல கவுன்சலர் தன் அறை அலமாரியைப் பூட்டிவிட்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அந்தச் சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுப் பூட்டும் அப்படித்தான் சத்தம் போடும். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. ஒருநாள் அவருடைய அதிகாரி வீட்டுக்கு வந்தார். புது ஆட்களைக் கண்டாலே எனக்குக் கை நடுங்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். கொடுக்கப் போன தண்ணீர் டம்ளரை அதிகாரியின் மடியிலேயே கவிழ்த்துவிட்டேன். அவர் கண்ணெதிரிலேயே அப்பா என்னை அறைந்தார்.

"பத்து வயசாவுது, என்னாடி நடிப்பு?"

அதே வாரம் பண்ருட்டியில் சித்தி கல்யாணம். பூட்டை இழுத்துப் பார்க்க, தெருமுனையிலிருந்து அப்பா நான்கு முறை திரும்பி ஓடினார். சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. பஸ் போய்விட்டது. தாலி கட்டியதை நாங்கள் பார்க்கவில்லை. அவரை யாரும் அறையவில்லை. "ஒங்கப்பாவுக்குப் பொறுப்பு ஜாஸ்தி" என்றாள் அம்மா.

கவுன்சலரிடம் இதைச் சொன்னேன்.

"ரெண்டுமே பதற்றந்தாங்க. ஒங்களுக்கு மனுஷங்களப் பாத்து வருது, அவருக்குப் பூட்டினமா இல்லையாங்கிற சந்தேகமா வருது. ரெண்டையும் சரிபண்ணலாம்."

எனக்கு வாரம் ஒரு பயிற்சியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். போன வாரம் நிரம்பிய பஸ்ஸில் கண்டக்டரிடம் உரக்க வழி கேட்டேன். கை நடுங்கியது, ஆனால் குரல் வந்தது.

"அப்பாவயும் அழச்சிக்கினு வாங்களேன்."

ஓய்வு பெற்ற அப்பா, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப முடியாமல் இப்போது எங்குமே போவதில்லை.

"சொல்றேங்க" என்றேன்.

சொல்ல மாட்டேன். அவருக்கு அது பொறுப்பாகவே இருக்கட்டும்.