மெஹந்தி தளத்தின் விளம்பரம் நின்றபோது நான் கேட்ட துஆ

"உங்கள் விளம்பரக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது."

ஆங்கிலத்தில் வந்த அந்த வரியை என் தம்பி ஹாரூன் தமிழில் சொன்னபோது, நான் என் மகளின் கையில் பெருநாளுக்கான புது டிசைன் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தேன். கோனைப் பிடித்திருந்த விரல் அப்படியே நின்றுவிட்டது. 2008ஆம் வருடம். ரமலான் தொடங்க இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். என் கணவர் தாம்பரம் மார்க்கெட்டில் வளையல் கடை வைத்திருந்தார். பஸ்ஸிலிருந்து தவறி விழுந்து முதுகில் அடிபட்ட பிறகு அவரால் தொடர்ந்து உட்கார முடியாமல் போனது. கடையை இன்னொருவருக்கு விட்டுவிட்டோம். நானோ பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்கு வேர்த்துவிடும். கல்யாண வீடுகளுக்கு மெஹந்தி போடப் போனால்கூட, "கையை அசைக்காதீங்க" என்பதைத் தவிர வேறு பேச்சு பேசமாட்டேன்.

ஹாரூன் வேளச்சேரியில் கம்ப்யூட்டர் கடை ஒன்றில் வேலை பார்க்கிறான். அவன்தான் என் டிசைன்களைப் படம் பிடித்து ஓர் இணையதளத்தில் போட்டான். பக்கத்தின் ஓரத்தில் விளம்பரங்கள் வரும். பார்க்க வருபவர்கள் அவற்றை அழுத்தினால் விளம்பரக் கம்பெனி எங்களுக்கு ஒரு பங்கு தரும். துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பெண்கள் வந்து பார்த்தார்கள். வீட்டு வாடகை, இவரின் வைத்தியம், அடுப்பில் உலை எல்லாம் அதிலிருந்துதான். பெருநாள் நெருங்கும் மாதங்களில்தான் கூட்டம் அள்ளும். அந்த நேரம் பார்த்துக் கணக்கை மூடிவிட்டார்கள்.

"அக்கா, நீ ஏதாவது அழுத்தினியா? செல்லாத அழுத்தல் நிறைய வந்திருக்குன்னு போட்டிருக்கான்."

"இல்லடா. நம்ம விளம்பரத்தை நாமே அழுத்தக்கூடாதுன்னு நீ சொன்ன நாள்லேர்ந்து மவுஸை அந்தப் பக்கமே கொண்டு போனதில்ல."

"அப்ப கவலைய விடு. நாங்க ஒரு தப்பும் பண்ணலன்னு எழுதிடறேன்."

எழுதினான். சில நாளில் பதில் வந்தது. பரிசீலித்தார்களாம், திரும்பத் தர முடியாதாம். கீழே பெயர்கூட இல்லை. யாரிடம் போய்க் கேட்பது? கதவு இருந்தால் தட்டலாம். அந்தக் கம்பெனிக்குக் கதவே இல்லை.

நான் ஒடிந்துபோனேன். தொழுகையில் நின்றால் ஓதுவது மறந்துபோயிற்று. தரையில் நெற்றி பதித்து சஜ்தாவில் அழுதேன். "யா அல்லாஹ், நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லையே. என் கணக்கைத் திருப்பிக் கொடு" என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எழுந்தால் மனசு அதே பாரத்தோடு இருந்தது.

எங்கள் பகுதிப் பெண்களுக்கு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மும்தாஜ் அக்கா வீட்டில் மார்க்க விஷயங்களைச் சொல்லும் பயான் நடக்கும். அக்காவுக்குப் பெரிய மனசு, பெரிய குரல். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நிற்பவர். பயான் முடிந்ததும் நான் எப்போதும் சமையலறைக்குள் போய்விடுவேன். டீ கிளாஸ் கழுவினால் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அந்த வெள்ளிக்கிழமை மட்டும் போகவில்லை. எல்லாரிடமும் துஆ கேட்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். சொல்ல வாய் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

"இன்னாடி ஷமீமா, இன்னா ஆச்சு?" என்றார் மும்தாஜ் அக்கா.

சொன்னேன். கணக்கை மூடிவிட்டார்கள், யாரோ விளம்பரங்களை வேண்டுமென்றே அழுத்தியிருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"அதெப்படி மூடுவான்? நாங்க வாரா வாரம் தட்டிக்கினு இருக்கோமே!"

எனக்குப் புரியவில்லை. அக்கா கூடத்து மூலையில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். துபாயில் இருக்கும் மகனைப் பார்த்துப் பேச வாங்கியது.

"நீ உள்ள கிளாஸ் கழுவிக்கினு இருப்ப. நாங்க இங்க உன் பக்கத்தைத் தொறந்து ஆளுக்கு ரெண்டு தட்டு. யாராவது தட்டினா உனக்குக் காசு வரும்னு நான் கேட்டப்ப நீதானடி சொன்ன? நோவுல கிடக்கிற மனுசனை வெச்சுக்கினு கஷ்டப்படறியேன்னுதான்."

"பிஸ்மி சொல்லித்தான் தட்டினோம் ஷமீமா" என்றாள் பக்கத்திலிருந்த நூர்ஜஹான், பெருமையாக. "எனக்கு எப்பவும் அந்த நெக்லஸ் விளம்பரந்தான் வரும்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே வீடு, ஒரே இணைப்பு, வாராவாரம் அதே நேரம், அத்தனை பெண்கள். கம்பெனிக்கு இது மோசடியாகத்தான் தெரிந்திருக்கும். அன்பால்தான் செய்தார்கள். அந்த அன்புதான் என் கணக்கை மூடியது. அதை அங்கே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "துஆ செய்ங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து சொன்னதும் ஹாரூன் தலையில் அடித்துக்கொண்டான். "போச்சு! இதை மட்டும் அவனுக்கு எழுதிடாத. எழுதினா கதை முடிஞ்சுது. எவனோ போட்டிக்காரன் பண்ணிட்டான்னு எழுதுவோம்."

படுத்திருந்த என் கணவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "டேய், ஒண்ணு சொல்லு. அந்த விளம்பரத்துக்கு யாரு காசு கட்டறா?" என்று கேட்டார்.

"கடைக்காரங்கதான் மச்சான். ஒரு தட்டுக்கு இவ்ளோன்னு."

"என் கடைக்கு வந்து பொம்பளைங்க வளையலைத் தொட்டுப் பாத்துட்டு சும்மா போவாங்க. அதைப் பொறுத்துக்கலாம். அவங்க தலைக்கு இவ்ளோன்னு ஒருத்தன் எங்கிட்ட காசு வாங்கினா நான் விடுவேனா? உங்க நெக்லஸ்காரனும் என்ன மாதிரி ஒரு கடைக்காரன்தானடா."

அந்தப் பேச்சு என்னை உலுக்கிவிட்டது. நாங்கள் கடை வைத்துப் பிழைத்த குடும்பம். அளவில் குறைக்காமல், பழைய சரக்கைப் புதிது என்று சொல்லாமல் விற்ற குடும்பம். முகம் தெரியாத யாரோ ஒரு வியாபாரியின் காசு எனக்குத் தெரியாமலே என் வீட்டுக்குள் வந்திருக்கிறது. இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பொய் எழுதி அதைக் காப்பாற்றிக்கொண்டு, அதே கையை ஏந்தி துஆ கேட்க முடியுமா?

அன்று மஃரிப் தொழுதுவிட்டு என் துஆவை மாற்றினேன். "யா அல்லாஹ், உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கைக் கொடு. சொன்ன பிறகு என் ரிஸ்கை, என் பிழைப்பை, நீ பார்த்துக்கொள்." அவ்வளவுதான் கேட்டேன். மூடிய கணக்கு மூடியே கிடந்தது. மனசில் இருந்த பாரம் மட்டும் அப்போதே இறங்கிவிட்டது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

மறுநாள் மும்தாஜ் அக்கா வீட்டுக்குத் தனியாகப் போனேன். எத்தனையோ வருடப் பழக்கம், நானாக அவரிடம் ஒரு பேச்சைத் தொடங்கியது அன்றுதான். அக்கா கருவாடு கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க எல்லாரும் தட்டினதாலதான் மூடிட்டாங்க. இனிமே தட்ட வேணாம். கம்பெனிக்கும் நடந்ததை நடந்தபடி எழுதப் போறேன். உங்க வீட்லேர்ந்து வந்ததுன்னும் எழுதணும்."

அக்காவின் கை நின்றது. "என் வூட்டையா எழுதப் போற? நல்லது செஞ்சதுக்கு எனக்குத் திருட்டுப் பட்டமா?"

"பட்டம் இல்லக்கா. பிரியத்துலதான் செஞ்சீங்கன்னும் எழுதுவேன். நீங்க சம்மதிச்சாத்தான் எழுதுவேன்."

அவர் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கருவாட்டைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். நான் ஸலாம் சொன்னேன், முணுமுணுப்பாகப் பதில் ஸலாம் வந்தது. கேம்ப் ரோட்டில் வேகவேகமாக நடந்து வந்தேன். கணக்கும் போய், அக்காவும் போய்விட்டாரே என்று நினைத்தேன். ஆனாலும் கேட்ட நாக்கை அல்லாஹ் கொடுத்துவிட்டான். அந்த உறுதி இருந்தது.

அந்த வாரம் முழுவதும் அக்காவிடமிருந்து போன் இல்லை. வெள்ளிக்கிழமை போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். என் கணவர்தான், "போ. ஆரம்பிச்ச துஆவை நடுவுல விட்டுடாத" என்றார்.

போனேன். கம்ப்யூட்டரின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. பயான் முடிந்ததும் மும்தாஜ் அக்கா எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்கடி. ஷமீமாவோட கணக்கு மூடினதுக்கு நாமதான் காரணம். நான்தான் உங்க எல்லாரையும் தட்டச் சொன்னேன். எம்மவன்கிட்ட கேட்டேன். 'அது அடுத்தவன் காசும்மா'ன்னுட்டான். எனக்கு ஒரு வாரமா சோறு எறங்கல. ஷமீமா, என் வூட்டை எழுதிக்கோ. பேரையும் எழுதிக்கோ. இப்ப எல்லாரும் கையைத் தூக்குங்க, அவளுக்காகக் கேப்போம்."

எல்லாரும் கையேந்தினோம். அக்காவே சத்தமாகத் துஆ கேட்டார். ஆமீன் சொல்லும்போது கூடமே விம்மியது. முடிந்ததும் அக்கா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "இனிமே உன் பக்கத்தைத் தொறந்தா கையைப் பின்னாடி கட்டிக்கினுதான்டி பாப்போம்" என்றார். கண்ணில் நீரோடு எல்லாரும் சிரித்தோம்.

அன்று மாலையே ஹாரூன் வந்தான். நான் தமிழில் சொல்ல, அவன் ஆங்கிலத்தில் அடித்தான்.

"தட்டியிருக்கலாம்னு நினைக்கிறோம்னு போடவா அக்கா?"

"வேணாம். தட்டினாங்கன்னே போடு. அந்தக் காசைக் கடைக்காரங்களுக்கே திருப்பிக் கொடுத்துடச் சொல்லு. எங்களுக்கு வேணாம்னு எழுது."

என்ன கிழமை, எந்த நேரம், யார் வீட்டு இணைப்பு, ஏன் செய்தார்கள், இனி எப்படிப் பார்த்துக்கொள்வோம் எல்லாம் எழுதினோம். ஹாரூனுக்கு நம்பிக்கை இல்லை. ஒரு தடவை மறுத்தவன் மறுபடியும் படிக்கவேமாட்டான் என்றான். "படிக்க வைக்கிறவன் ஒருத்தன் இருக்கான், நீ அனுப்பு" என்றேன். நானா அப்படிப் பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம்.

ரமலான் வந்தது. பதில் வரவில்லை. அக்கம்பக்கத்தில் மெஹந்தி போட்டு அரிசி வாங்கினோம். நோன்பு திறக்கும் நேரம் கேட்கும் துஆவில் தினமும் இதையும் கேட்டேன். அவசரப்படுத்தாமல், கொடுப்பான் என்று தெரிந்தே கேட்டேன்.

ஒரு பிற்பகல். கஞ்சிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹாரூன் போன் செய்தான்.

"அக்கா, தொறந்துட்டாங்க. நாம எழுதினதும் அவங்ககிட்ட இருந்த விவரமும் ஒத்துப்போச்சாம். அந்தத் தட்டுக்கான காசைக் கழிச்சுக் கடைக்காரங்களுக்கே கொடுத்துட்டாங்களாம். கணக்கு திரும்ப நம்மளது."

அல்ஹம்துலில்லாஹ்! கத்தியைப் போட்டுவிட்டு அங்கேயே சமையலறைத் தரையில் சஜ்தாவில் விழுந்தேன். என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து வாசலில் நின்றார். "வெங்காயமா, அழுகையா?" என்று கேட்டுவிட்டு அவரும் அழுதார். அந்த வருடப் பெருநாளுக்கு உலகத்தின் எந்தெந்த மூலையிலோ என் டிசைன்கள் போடப்பட்டன.

இன்று எங்களுக்குக் குறைவில்லை. இவர் ஓரளவு நடக்கிறார். நானோ வெள்ளிக்கிழமைகளில் கூடத்தில் எல்லாரோடும் உட்காருகிறேன், கேட்டால் பேசவும் செய்கிறேன். வருகிற ஒவ்வொரு வருமானத்தையும், இது யார் கையிலிருந்து எப்படி வந்தது என்று கேட்டுப் பார்த்தே வீட்டுக்குள் எடுக்கிறேன். இதை ஒரு கம்பெனியின் இரக்கம் என்று சிலர் சொல்லலாம். பெயர்கூடப் போடாமல் மறுத்த ஒரு கம்பெனியின் மனதைத் திருப்பியது யார் என்று எனக்குத் தெரியும்.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது இன்று பிழைப்பின் வழி அடைபட்டிருக்கலாம். யாரிடம் போய் முறையிடுவது என்றே தெரியாமல் இருக்கலாம். ஒரு சின்னப் பொய் சொன்னால் திறந்துவிடும் என்று நெருக்கமானவர்களே சொல்லலாம். சொல்லாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, பிறகு அவனிடம் கையேந்துங்கள். பேசவே தெரியாத நான் ஏந்தினேன். என் கையை அவன் வெறுமையாகத் திருப்பவில்லை. உங்கள் கையையும் திருப்பமாட்டான்.