ஆண் பனையில் நுங்கு

என் வீட்டுக்காரரை அடக்கம் செய்து எட்டாம் நாளே கொழுந்தன் வந்து நின்றான். இருபது வருஷம் கொழும்பில் கடை வைத்திருந்து, இரண்டு வருஷம் முன்புதான் வேட்டி கசங்காமல் ஊர் திரும்பியவன்.

"மதினி, பொம்பளைக்கு எதுக்கு நெலம்? கஞ்சி நான் ஊத்துறேன்" என்றான்.

சாயல்குடிக்குத் தெற்கே ஒன்றரை ஏக்கர் மணல். அதில் முப்பத்திரண்டு பனை. எனக்கும் என் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அதுதான் சோறு. ஜமீன் ஒழிந்து, யார் அனுபவத்தில் நிலம் இருக்கிறதோ அவர் பெயருக்குப் பட்டா கொடுக்க விசாரணை நடந்த சமயம் அது. தானே அனுபவிப்பதாக அவன் மனுப் போட்டுவிட்டான்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத வரும்; நாலு பேர் முன்னால் பேச வராது. மன்னிக்கிற மனதைத் தாரும் என்று நான் கேட்கவில்லை, பொய் சொல்லமாட்டேன். "ஆண்டவரே, என் வாய்தான் திறக்காது. அவன் வாயைத் திறந்துவிடும். அதிலேயே அவன் விழட்டும்" என்று தினமும் முழங்காலில் நின்று அழுதேன்.

மார்கழியில் அதிகாரி நிலத்துக்கே வந்தார். ஊர் கூடியது. மரங்களில் பாளையும் இல்லை, காயும் இல்லை; பழகியவருக்குத்தான் மரத்துக்கு மரம் வித்தியாசம் தெரியும். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதிகாரி வேலியோரப் பனையைக் காட்டி, "இதுல போன வருஷம் என்ன கண்டீரு?" என்று கொழுந்தனிடம் கேட்டார்.

"பத்துக் குலை நுங்கு, அய்யா. நானே நின்னு வெட்டுனேன்."

எங்கள் பனையேறி மாடசாமி கும்பிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"அது ஆம்பளைப் பனை, அண்ணாச்சி! காய்க்காத மரத்துல நுங்கு வெட்டுன கைய இங்கன நீட்டுங்க, கண்ணுல ஒத்திக்கிறோம்."

ஊர் சிரித்த சிரிப்பு கடல் வரை கேட்டிருக்கும். அதிகாரி என் பக்கம் திரும்பினார். பேசப் பயந்து எழுதி வைத்திருந்த நோட்டை நீட்டினேன். முப்பத்திரண்டு மரமும் அதில் இருந்தன: எது ஆண், எது பெண், யார் ஏறுகிறார், எங்கள் பங்குப் பதநீர் எந்தக் கிழமை வருகிறது. பட்டா என் பெயருக்கு வந்தது.

அதன்பின் சுற்றுவட்டாரத்தில் புருஷனை இழந்தவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். மரம் மரமாய் அவர்களோடு நடந்து எழுதிக்கொடுக்கிறேன். இதுவரை பதினொரு பட்டா. பதினொரு வீட்டுக் கொழுந்தன்மார் என்னைத் திட்டுகிறார்கள். காதுக்கு இனிக்கிறது.

சகோதரிகளே, வாயில்லாதவளின் ஜெபத்தையும் அவர் கேட்கிறார். மனதில் உள்ளதை உள்ளபடி கேளுங்கள். நிலத்தில் உள்ளதை எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நுங்குக் காலம் வந்தால் முதல் குலையைக் கொழுந்தன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். மன்னித்துவிட்டாள் என்று சபையில் மெச்சுகிறார்கள். எதற்கு அனுப்புகிறேன் என்று கொழுந்தனுக்குத் தெரியும். ஆண்டவருக்கும் தெரியும். அவருக்கே ஸ்தோத்திரம்.