தொண்டையைக் காட்டிக்கொடுத்த துண்டு

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. நல்லம்பள்ளிப் பக்கம் இன்று நிற்கிற மாங்காய் மண்டி, அதன் தகரக் கொட்டகை, பின்னால் உள்ள வீடு, அதற்கும் பின்னால் தோப்பு, எல்லாம் நான் எழுப்பியவை. வெறும் பாறை என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவன் நான். ஒருவரும் கை கொடுக்கவில்லை. கொடுத்தது என் குரல். நான் ஏலம் கூறினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிப்பவன் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வருவான். மைக் வாங்கச் சொன்னவர்களைச் சிரித்தே அனுப்பினேன்.

அந்தக் குரல்தான் கெட்டது. தொண்டை கம்மி, நாளைக்குச் சரியாகிவிடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழையை மருமகள் திருத்தினாள். விஷயம் முழுக்க என்னுடையது.

நல்ல சீசன். செந்தூரா மாங்காய் குவிந்து கிடந்தது. ஏலத்தின் நடுவில் வாயைத் திறந்தேன், காற்று மட்டும் வந்தது. “என்னங்க மண்டிக்காரரே, சேவலுக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?” என்றான் ஒரு வியாபாரி. கொட்டகையே சிரித்தது. பனங்கற்கண்டு, மிளகு, கஷாயம் என்று சீசன் முடிந்தும் மார்கழிவரை ஓட்டினேன். அது தப்பு. நீங்கள் செய்யாதீர்கள்.

சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். எண்டோஸ்கோப்பி (மூக்கு வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்தார். பாலிப் (குரல்நாணில் கொப்புளம்போல வளரும் சதை) என்றார். அதை வெட்டி எடுத்து பயாப்சிக்கு (சதையைச் சோதித்து, புற்றுநோயா என்று பார்ப்பது) அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் உட்காரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். புற்று இல்லை என்று வந்தது.

டாக்டர் சொன்னார்: “கத்திக் கத்தி வந்ததுங்க இது. புண்ணு ஆறுற வரைக்கும் ஒரு வார்த்த பேசக்கூடாது. ரகசியமாப் பேசறதுகூட ஆகாது. மீறினீங்கன்னா அங்க தழும்பு விழுந்துரும். அப்புறம் குரல் திரும்பாது.”

என் மனைவி பாக்கியம், “அவர் பேசாம இருக்கறதா? நீங்க ஆபரேசன வேணா இன்னொருக்கா பண்ணுங்க டாக்டர்” என்றாள்.

பதற்றம் குறையட்டும் என்று தர்மபுரியில் யோகா டாக்டரான ஒரு அம்மாவிடம் அனுப்பினார்கள். “கண்ண மூடிக்கிட்டு மூச்சு வர்றத, போறத மட்டும் கவனிங்க ஐயா” என்பார் அந்த அம்மா. தானாக வந்து போவதை எதற்குக் கவனிக்க வேண்டும்? பக்கத்துப் பாயில் இருப்பவர் குறட்டை விடுவார். எனக்குக் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அதற்குள் புளி சீசன் வந்துவிட்டது. மாங்காய் இல்லாத மாதங்களில் எங்கள் மண்டியில் புளிதான். மண்டியில் மகன் குமரேசன் ஏலம் கூறினான். வீட்டுக்குள் எனக்கு எல்லாம் கேட்கும். அவன் இழுக்கிற இழுப்பில் விலை தூங்கியது. உள்ளே நின்று பல்லைக் கடிப்பேன்.

ஒரு நாள் தாங்க முடியாமல் போய்விட்டேன். எங்கள் மண்டியில் சில்லறைச் சரக்குக்குத்தான் ஏலம். மொத்தச் சரக்குக்குக் கைமேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவோம். வாய்க்கு அங்கே வேலையே இல்லை. அப்புறமென்ன என்று துண்டை விரித்தேன். காலை முழுக்கப் பேரம். விலை படியாதபோதெல்லாம் தொண்டைக்குள்ளிருந்து ஒரு ‘ம்ஹும்’. அது எங்கள் வழக்கம். அதைப் பேச்சு என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். “புண்ணு வீங்கியிருக்கே. பேசினீங்களா?” இல்லை என்று தலையாட்டினேன்.

“பேசலைங்க டாக்டர்” என்றாள் பாக்கியம். “துண்டுக்குள்ள கைய வுட்டுக்கிட்டுப் பன்னி மாதிரி உறுமிட்டு இருந்தாருங்க.”

டாக்டர் சிரிக்கவில்லை. “வார்த்தைக்கும் உறுமலுக்கும் தொண்டைக்கு வித்தியாசம் தெரியாதுங்க. இன்னொரு வாட்டி இப்படி வந்தீங்கன்னா என் கையில ஒண்ணும் இல்ல.”

பஸ்ஸில் வரும்போது, பாறையைப் பார்த்துப் பயப்படாத எனக்குப் பயம் வந்தது. குரல் போனால் மண்டியில் நான் யார்? கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவன்.

வீட்டுக்குள் கிடந்தேன். பனிக்காக அந்தத் துண்டைக் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தேன். மண்டியில் குமரேசன் ஏலத்தைத் தொடங்கினான். அவன் ஒவ்வொரு விலையாகக் கூற, முடிச்சு என் தொண்டையை இறுக்கியது. என் வாய் மூடித்தான் இருந்தது. ஆனால் உள்ளே தொண்டை, அவனுக்கு முந்திக்கொண்டு ஏலம் கூறிக்கொண்டிருந்தது!

இதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன். துண்டு இறுகினால் தொண்டை திருட்டுத்தனமாகப் பேசுகிறது என்று கணக்கு. உடனே மூச்சை மெல்ல வெளியே விடுவேன். முடிச்சு தளரும். அடுத்த விலைக்கு மறுபடி இறுகும், மறுபடி விடுவேன். கிணறு வெட்டியதுகூட இதைவிடச் சுலபம். ஆனால் மூச்சை எதற்குக் கவனிக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த அம்மா சரியாகத்தான் சொல்லியிருந்தார். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு மட்டும் எனக்குத் தேவைப்பட்டது.

யோகா வகுப்பிலும் துண்டோடு உட்கார்ந்தேன். “இத யாருங்கய்யா சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டார் அந்த அம்மா. என் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன்.

வீக்கம் வற்றியது. ஒரு நாள் டாக்டர் “ஆ சொல்லுங்க” என்றார். சொன்னேன். மெல்லிசாக, யாரோ அடுத்த அறையில் சொன்னதுபோல வந்தது. பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பழைய குரல் வரவில்லை. ஏலத்தைக் குமரேசன்தான் கூறுகிறான், மைக்கில். என் குரல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கேட்கும். அமைதி வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் கால் ஆடுகிறது. ஆனால் ஒரு விலைக்கும் அடுத்த விலைக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. முன்பு அதைக் கத்தி அடைப்பேன். இப்போது அங்கே ஒரு மூச்சு உள்ளே வந்து வெளியே போவது தெரிகிறது. அந்த நேரம் முன்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அந்த அம்மா இப்போது தொண்டை நோயாளிகளுக்கெல்லாம் கழுத்தில் துணி சுற்றிச் சொல்லிக்கொடுக்கிறாராம். சந்தோஷம். நான் தேறியதை ஊரில் டாக்டரின் கை ராசி என்கிறார்கள், பாக்கியம் செய்த வேண்டுதல் என்கிறார்கள். அவரவர் பங்கு அவரவருக்கு. ஆனால் வாயை மூடிக்கொண்டு கிடந்தவன் நான். உள்ளே இருந்த கத்தலைக் கண்டுபிடித்தவனும் நான். துணி சுற்றச் சொல்லும்போது, இது மண்டி மாதையன் கண்ட வழி என்று அந்த அம்மாவைச் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நானே கத்திச் சொல்ல முடியாதே.