அண்ணனின் துண்டும் நீல டிரம்மும்

ஈரத் துண்டின் புளித்த வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று கோபம் வரும். சிங்கவரத்தில் எங்கள் தெருக் குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும் என்பதால், மூடி உடைந்துபோன எங்கள் நீல டிரம்மை நிரப்பி, அடுத்த முறைவரை காப்பாற்றும் வேலையை நைனா ஆறாவது படித்த என்னிடம் கொடுத்திருந்தார். பிளஸ் டூ படித்த அண்ணனை நம்பிக் கொடுக்கவில்லை என்பதில் எனக்கிருந்த திமிர் செஞ்சிக் கோட்டையைவிட உயரம்.

ஒருநாள் காலையில் பார்த்தால் டிரம்மில் பாதித் தண்ணீரைக் காணோம். ஓட்டையும் இல்லை, கீழே மட்டும் ‘சொதசொத’ என்று ஈரம்.

"இன்னாடி, புள்ளைங்கள கூட்டியாந்து தண்ணியில ஆட்டம் போட்டியா?" என்றார் நைனா.

"சத்தியமா நான் தொடவே இல்ல நைனா."

"அப்ப தண்ணி தானா ஏறி குதிச்சி ஓடிச்சா?"

தோளில் துண்டோடு நின்ற அண்ணன், "பொய் சொல்றா நைனா. நேத்து இவதான் மொண்டு மொண்டு ஊத்திகினு இருந்தா" என்றான். முதுகில் இரண்டு விழுந்தது. அதுகூடப் பரவாயில்லை, அன்றிலிருந்து டிரம் அவன் பொறுப்பு.

அடுத்த மாதம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்ன வைப்பது என்று நான் முழித்தபோது, அண்ணன்தான் நிறைந்த டம்ளரை மேலேயும் காலி டம்ளரைக் கீழேயும் வைத்து நடுவில் ஒரு துணியைத் தொங்கவிட்டான். தண்ணீர் துணியில் ஏறி, விளிம்பைத் தாண்டி, கீழ் டம்ளரில் சொட்டியது.

"இதான் நுண்புழை ஏற்றம். நூலுங்க நடுவுல இருக்கிற சந்துல தண்ணி தானா ஏறும் பாப்பா. நம்ம டிரம்முல துண்ட பாதி தண்ணியில, பாதி வெளிய தொங்குறாப்ல போட்டுட்டு மறந்துட்டேன், காலையில பாத்தா சொட்டிகினு இருக்குது! நீ வர்றதுக்குள்ள எடுத்துட்டேன்" என்று சிரித்தான்.

நைனாவிடம் சொல்ல ஓடினேன். மறுபடியும் பொய்க்காரி என்பாரோ என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். ஆனாலும் உண்மை தெரிகிற அன்று அவர் என் பக்கம் வருவார் என்று வருஷக்கணக்காக நம்பினேன்.

கல்லூரி முடித்து வந்த பிறகு, போன மாதம்தான் சொன்னேன். நைனா வேர்க்கடலை உரித்துக்கொண்டே, "அன்னிக்கே தெரியும்மா. அவன் துண்டுலேர்ந்து தண்ணி ஒழுகிச்சே. பரீட்ச நேரம், திட்டினா டென்ஷன் ஆயிடுவான்னு உட்டுட்டேன். நீ தாங்குவ" என்றார்.

டிரம் இப்போது இல்லை. மாடியில் டேங்க், கீழே மோட்டார். டேங்க் நிரம்பிச்சா பாரும்மா என்று நைனா என்னைத்தான் கூப்பிடுகிறார்.

"அண்ணன கூப்டு நைனா" என்கிறேன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.